‘கை’யும் கையாளும்

கேள்வி: ஆங்கிலத்தில் ஆண்களைப் பேச்சுவழக்கில் ‘கை’ என்கிறார்கள் (‘ஹாய் கைஸ்’ என்பதில் வருவது). இது நம்முடைய ‘கையாள்’ என்ற சொல்லிலிருந்து போனது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். ஒலியும் பொருளும் பொருந்துகின்றனவே, ஏற்கிறீர்களா?

பதில்: ஏற்கவில்லை. பொருந்துவதாக நீங்கள் கருதும் ஒலியே நம் எழுத்தின் உபயம். ‘சங்கு’ என்பதில் ககரம் ஒலிப்பதுபோல் ஒலிக்கும் அச்சொல்லின் முதலெழுத்துக்கு நம்மிடம் தனி வடிவம் இல்லாததால் ‘கை’ என்று எழுதினோம்; எழுதியதைப் பார்த்துவிட்டு இப்போது உறவு கொண்டாடுகிறோம்.

கொச்சைச் சொற்கள் பலவற்றுக்குப் பூர்வீகம் தெரிவதில்லை. இதற்கோ, மூலவர் கைதான நாளே தெரியும். 1605 நவம்பர் 5 அன்று, முதலாம் ஜேம்ஸ் மன்னரை நாடாளுமன்றத்தோடு சேர்த்துத் தகர்ப்பதற்காக, லண்டனில் பிரபுக்கள் அவையின் கீழ்த்தளத்தில் 36 பீப்பாய் வெடிமருந்துக்குக் காவலிருந்தபோது பிடிபட்டவர் கை ஃபாக்ஸ். சதிக்குத் தலைவர் ராபர்ட் கேட்ஸ்பி என்றாலும், நிலைத்தது பிடிபட்டவரின் பெயர்தான். அப்பெயரும் பழைய ஜெர்மானியப் பெயரொன்று பிரெஞ்சு நாவில் உருமாறி வந்தது. ‘வில்லியம்’ அங்கே ‘கியோம்’ ஆனதுபோல இதிலும் முதலில் இருந்தது வகரமே. ஆகவே உங்கள் நண்பரின் கையாள் நுழைய இதில் வாசல் இல்லை.

மன்னர் தப்பியதைக் கொண்டாடி ஆண்டுதோறும் தீ மூட்டிய இங்கிலாந்தில், பழைய சட்டைக்குள் வைக்கோல் திணித்த உருவப் பொம்மையைச் சிறுவர்கள் தெருத்தெருவாகத் தூக்கிச் சென்று, ‘கைக்கு ஒரு பென்னி’ என்று காசு கேட்டபின் அதைக் கொளுத்தினார்கள். பெயர் பொம்மைக்கு ஆகி, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அந்தப் பொம்மையைப்போலக் கோமாளித்தனமாக உடுத்தியவரைக் குறிக்கும் ஏளனச் சொல்லாயிற்று. அந்த நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் ஏளனம் கழன்றுவிட, வெறுமனே ‘ஆள்’ என்ற பொருளே மிஞ்சியது. துரோகி என்று கொளுத்தப்பட்டவரின் பெயர் இப்படி யாரையும் உறுத்தாத சொல்லாக மாறியதுதான் இதில் உண்மையான வியப்பு. அதை விட்டுவிட்டு இல்லாத உறவைத் தேடுவானேன்?

பன்மையில் இன்று பெண்களையும் சேர்த்தே அழைக்கிறார்கள். அதில் தங்களுக்கு இடமில்லை என்று ஆட்சேபிக்கும் பெண்களும் உண்டு, அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. ஏனெனில் ஒருமையில் சொன்னால் அது இன்றும் ஆண்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிற்றுக்கும் ஆங்கிலத்தில் இதே எழுத்துகளில், இதே ஒலியில் ஒரு பெயர் உண்டு. அதன் மூலம் வேறு. ஃபாக்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை, நம் ‘கயிறு’க்கும் இல்லை. உங்கள் நண்பர் அதை வைத்தும் கயிறு திரிப்பதற்குள் இதை அவரிடம் காட்டிவிடுங்கள்.