பெங்களூர் பால்கனியில் முதல் தோட்டம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: பெங்களூரில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். தெற்குப் பார்த்த சிறிய பால்கனி இருக்கிறது. செடி வளர்த்துப் பழக்கமில்லை. காய்கறித் தோட்டம் போட எதிலிருந்து தொடங்கலாம்?

தொட்டி, மண், விதை என எதையும் வாங்கும் முன், ஒரு விடுமுறை நாளில் காலையிலிருந்து மாலை வரை உங்கள் பால்கனியில் வெயில் எங்கே விழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை ஆகியவை ஒழுங்காகக் காய்க்க ஏறத்தாழ ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரைகள் மூன்று, நான்கு மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். புதினாவும் கற்பூரவல்லியும் அதற்கும் குறைவான வெயிலில் பிழைத்துவிடும்.

இதில் புதியவர்கள் பலரும் கவனிக்காத ஒன்று, வெயில் ஆண்டு முழுவதும் ஒரே பக்கம் இருப்பதில்லை என்பது. பெங்களூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேலேயோ சற்று வடக்கே சாய்ந்தோ இருக்கும்; அந்த மாதங்களில் மேல்வீட்டுத் தளம் கூரையாக மறைக்கும் தெற்குப் பால்கனிக்குள் நேர்வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. மாறாக, டிசம்பரில் சூரியன் தாழ்ந்து தெற்கே செல்வதால் உங்கள் பால்கனியின் உட்சுவர் வரை வெயில் வந்து விழும். எனவே உங்களுக்கு உகந்த பருவம் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று ஊரில் பெரியவர்கள் சொல்வது உண்மைதான் என்றாலும், இங்கே ஆடி மாதம் பெரும்பாலும் மூடிய வானமும் தூறலும் மேல்காற்றுமாகவே போகும். ஆவணியில் தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பகல் சுருங்கும்போது பூக்கும் நாட்டு அவரையை அப்போது ஊன்றிக் கம்பி கிரில்லில் ஏற்றிவிட்டால், மார்கழியில் பெங்களூர்ச் சந்தையெல்லாம் அவரைக்காயாகக் குவியும் நேரத்தில் உங்கள் வீட்டிலும் காய் இருக்கும்.

அடுத்தது மண். இந்த ஊரின் செம்மண்ணை மட்டும் தொட்டியில் நிரப்பினால், காய்ந்ததும் இறுகி, தொட்டியின் சுவரை விட்டு விரலிடை அளவுக்கு விலகிவிடும். அதன்பின் நீங்கள் ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கின் வழியே நேராக அடித்துளைக்கு ஓடிவிடும். மேல்மண் நனைந்திருக்கும், கீழே தட்டிலும் தண்ணீர் நிற்கும், ஆனால் நடுவில் வேர் இருக்கும் இடம் மட்டும் காய்ந்தே கிடக்கும். ஆகவே செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு என்று கலந்துகொள்ளுங்கள். கட்டியாக விற்கும் நார்க்கழிவை ஊறவைத்து, ஓரிரு முறை அலசி உப்பைப் போக்கிய பிறகே சேர்க்க வேண்டும். இந்தக் கலவை எடையையும் குறைக்கும் என்பதை வாடகை வீட்டில் இருப்பவர்கள் மனத்தில் கொள்வது நல்லது.

முதல் விதையைக் கடையில் தேட வேண்டாம், அஞ்சறைப்பெட்டியிலிருந்தே எடுங்கள். வெந்தயத்தை ஒரு இரவு ஊறவைத்து அகலத் தொட்டியில் தூவினால் மூன்று, நான்கு நாளில் முளைவிட்டு, ஒரு மாதத்திற்குள் கீரையாகக் கைக்கு வந்துவிடும். கொத்தமல்லிக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை தேவை. முழு மல்லியைச் சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டினால் ஒவ்வொன்றும் இரண்டு பாதியாகப் பிளக்கும். அந்தப் பாதி ஒவ்வொன்றும் ஒரு விதை. அது முளைக்கப் பத்து நாளுக்கு மேலாகும் என்பதால் இடையில் கிளறிப் பார்க்காதீர்கள். இரண்டு கீரை எடுத்துப் பழகிய பிறகு தக்காளிக்குப் போகலாம். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா ரக்ஷக் என்னும் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகம் இலைச்சுருள் நோய், வாடல் நோய், இலைக்கருகல் ஆகிய மூன்றையும் எதிர்த்து நிற்கும். ஆனால் வீரிய ஒட்டு ரகம் என்பதால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்து வைப்பதில் பயனில்லை. கறிவேப்பிலை வையுங்கள், ஆனால் இந்த ஊர்க் குளிரில் மார்கழி, தை மாதங்களில் அது துளிர்க்காமல் அப்படியே நிற்பதைப் பார்த்து உரத்தைக் கொட்டிவிடாதீர்கள்.

என் அனுபவத்தில் இங்கே செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, தினமும் ஊற்றியாக வேண்டும் என்ற கடமையுணர்ச்சியால் அழுகிச் சாவதே அதிகம். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று தண்ணீர் வேண்டாம். 2024 மார்ச்சில் தட்டுப்பாடு முற்றியபோது, குடிநீரைத் தோட்டத்திற்குப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததை இங்கிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரிசி, பருப்பு, காய் கழுவிய நீரை ஒரு வாளியில் சேர்த்தாலே நான்கைந்து தொட்டிகளுக்குப் போதும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரில், குறிப்பாக ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில், உப்பு மிகுந்திருக்கும். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மாவுப்பூச்சியோ அசுவினியோ தென்பட்டால், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். ஒவ்வொரு தொட்டியின் கீழும் தட்டு வைத்துவிடுங்கள். கீழ்வீட்டுக்காரர் உலரப்போட்ட துணியில் செம்மண் நீர் சொட்டினால் தோட்டத்தைப் பற்றிய பேச்சு வீட்டு உரிமையாளர் வரை போய்விடும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது தொட்டிகளை வெயில் அதிகம் படாத மூலைக்கு நெருக்கமாக நகர்த்தி, கிளம்பும் முன் நன்றாக நீர் விட்டு, மேல்மண்ணைக் காய்ந்த இலைகளால் மூடிவிட்டால் நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் தங்குவதானால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.