வாசல் பாதைக்கு மரக்கட்டை பதிக்கலாமா?

கேள்வி: பழைய வீட்டைப் பிரித்தபோது கனமான உத்தரங்கள் நிறையக் கிடைத்தன. அவற்றைத் துண்டு போட்டு, வெளிக்கதவில் இருந்து வாசல் வரை 12 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலத்துக்குப் பாதை போட நினைக்கிறேன். ஒரு காலத்தில் தெருக்களையே மரக்கட்டையால் போட்டார்களாம். கான்கிரீட் தளத்தின் மேல் இடைவெளி இல்லாமல் நெருக்கி ஒட்டிவிட்டால் போதும் என்கிறார் கொத்தனார். சரிதானா? எத்தனை வருடம் தாங்கும்?

பதில்: பாதை போடலாம். ஆனால் உங்கள் கொத்தனார் சொல்லும் விதத்தில் மட்டும் வேண்டாம். இடைவெளி இல்லாமல் நெருக்கி ஒட்டினால், முதல் பெருமழைக்கே பாதை நடுவில் கூடாரம் போலத் தூக்கிக்கொள்ளும். அதற்கான காரணம் புரிந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் தானாக வழிக்கு வரும்.

முதலில் கட்டையை எந்தப் பக்கம் மேலே வைப்பது என்று பார்ப்போம். பலகையாகப் படுக்க வைக்கக் கூடாது. உத்தரத்தைக் குறுக்கே அறுத்து, அறுத்த முகம் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தி வைக்க வேண்டும். அப்போது மரத்தின் நார் செங்குத்தாக நிற்கும். நாரின் நீளவாக்கில் மரம் தாங்கும் பாரம், குறுக்குவாக்கில் தாங்குவதைப் போலப் பல மடங்கு. மேலே எதுவும் உரசினாலும் சிராய் சிராயாகப் பெயராது. நார்முனைகள் நசுங்கி, நாளடைவில் இறுகிப்போகும். லண்டன், பாரிஸ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சிகாகோ, சிட்னி என்று 19-ஆம் நூற்றாண்டில் மரத்தெரு போட்ட நகரங்களில் பொதுவாக இப்படித்தான் நிறுத்திவைத்தார்கள். இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரமும் குதிரைக் குளம்பும் கருங்கல்லில் எழுப்பிய இரைச்சலுக்கு மரம் நல்ல மருந்தாக இருந்தது.

ஆனால் நிறுத்திவைப்பதில் ஒரு சங்கடமும் கூடவே வருகிறது. உத்தரத்தில் ஒரு துண்டு அறுத்து, அதன் பக்கவாட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் முத்தாக நிற்கும். அறுத்த முகத்தில் ஒரு சொட்டு விடுங்கள். பரவி, இருண்டு, உள்ளே போய்விடும். பக்கவாட்டைவிட அறுத்த முகம் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக ஈரத்தை வாங்கும், விடும். நாம் மழைக்குக் காட்டி வைப்பது அந்த முகத்தைத்தான்.

ஈரம் ஏறிய மரம் நாரின் நீளவாக்கில் கிட்டத்தட்ட மாறவே மாறாது, குறுக்குவாக்கில்தான் உப்பும். நிறுத்திவைத்த கட்டையில் குறுக்குவாக்கு என்பது நான்கு பக்கமும். அதாவது உயரம் அப்படியே இருக்க, உப்புவது முழுக்கப் பக்கத்துக் கட்டையைத் தள்ளுவதில் போகிறது. உங்கள் உத்தரங்கள் கூரைக்குக் கீழே பல காலம் காய்ந்தவை. ஈரப்பதம் 12 சதவீதம் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். தொடர்மழையில் முழுக்க நனைந்தால், சாதாரண மரம் குறுக்குவாக்கில் சராசரியாக 3 சதவீதம் அளவுக்கு உப்பும். கேட்க அற்பமாகத் தெரிகிறது. 1.5 மீட்டர் அகலத்தில் அது 4 சென்டிமீட்டருக்கு மேல்; 12 மீட்டர் நீளத்தில் கால் மீட்டருக்கும் மேல்! அந்தக் கால் மீட்டர் எங்கே போகும்? ஓரக்கல்லைப் பெயர்க்கும், இல்லையென்றால் மேலே எழும்பும். மரத்தெருக்கள் பலவும் தேயும் முன்பே கெட்டது இப்படித்தான். லண்டனில் கான்கிரீட் அடித்தளம் போட்டு அதன் மேல் கட்டை பதித்தாலும், ஓரக்கல்லை ஒட்டி நீளமாக ஒரு சந்து விட்டுக் களிமண்ணோ மணலோ நிரப்பி வைத்தார்கள். கட்டை உப்பினால் அந்தச் சந்துக்குள் நகரட்டும் என்றுதான்.

அதனால் உங்கள் பாதையில் ஒவ்வொரு கட்டைக்கும் இடையே 5, 6 மில்லிமீட்டர் சந்து விடுங்கள். இந்த அளவைக் கண் மதிப்பில் வைக்காதீர்கள். அதே தடிமனில் மெல்லிய பட்டிகளைச் சீவி, வரிசைக்கு வரிசை நடுவில் செருகி, கட்டை உட்கார்ந்ததும் உருவிக்கொள்ளுங்கள். இரண்டு ஓரத்திலும் 2 சென்டிமீட்டர் விட வேண்டும். நீளவாக்கில் மூன்று மீட்டருக்கு ஒருமுறை குறுக்கே இன்னும் அகலமாக, 3 சென்டிமீட்டர். இந்தப் பெரிய சந்துகளில் அழுத்தினால் அமுங்கும் பட்டை, அதாவது கட்டட இணைப்புகளில் வைக்கும் தார் ஊறிய நார்ப்பட்டை, வைக்கலாம். சின்னச் சந்துகளில் பருமணலைத் தளர்வாகக் கூட்டித் தள்ளினால் போதும். திமிசு போட்டு இறுக்கக் கூடாது. சிமென்ட் கலவை எங்கேயும் வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் மணல் பிதுங்கி மேலே வரும், கூட்டி எடுங்கள். வெயில் காலத்தில் சந்து திறக்கும், திரும்பக் கூட்டித் தள்ளுங்கள். இது பழுது என்று நினைக்க வேண்டாம், பாதை மூச்சு விடுகிறது, அவ்வளவுதான்.

அறுத்த கட்டைகளை உடனே பதிக்காமல், நிழலில் காற்றாட அடுக்கி, வெளி ஈரத்துக்குப் பழக விடுங்கள். கோடையில் எலும்பாகக் காய்ந்த கட்டையைப் பதித்தால் பின்னால் உப்புவது அதிகமாக இருக்கும்.

அடுத்தது அடித்தளம். மரம் தண்ணீரில் நனைவதால் மட்டும் மக்காது. நனைந்தது காயாமல் இருந்தால்தான் மக்கும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைக்கு வாழ்வு கிடையாது. ஆகவே மேலே விழும் தண்ணீரை வேகமாக வெளியேற்றுவதுதான் முழு வேலையும். வெறும் நடைபாதைக்குக் கான்கிரீட் தேவையில்லை, சொல்லப்போனால் அது கெடுதல். தண்ணீர் கட்டைக்கு அடியில் தங்கிவிடும். 20 சென்டிமீட்டர் தோண்டி, 15 சென்டிமீட்டருக்கு ஜல்லி கொட்டித் திமிசு போடுங்கள். அதன் மேல் 3 சென்டிமீட்டர் பொடி ஜல்லி. அதில் தூள் இருக்கக் கூடாது; தூள் இருந்தால் களிமண் மாதிரி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வாட்டம், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக. ரசமட்டத்தை வரிசைக்கு வரிசை வைத்துப் பாருங்கள். கட்டைகளைக் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்டி உட்கார வையுங்கள். இரும்புச் சுத்தியல் அறுத்த முகத்தின் விளிம்பைச் சிதைத்துவிடும். பாதையின் மேல்மட்டம் பக்கத்து மண்ணைவிடச் சற்று உயரமாகவே இருக்கட்டும்.

பாதையில் தண்ணீர் தேங்கும், வெள்ளம் ஏறும் என்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். 1910 ஜனவரியில் செய்ன் நதி பெருகியபோது பாரிஸ் தெருக்களின் கட்டைகள் பெயர்ந்து மிதந்தன. 1924-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும், அப்போது அதன் பெயர் லெனின்கிராட், அதே கதைதான். நெவ்ஸ்கி வீதியில் இருந்த அறுகோணக் கட்டைகளை நேவா நதி அள்ளிக்கொண்டு போனது.

எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. வாஷிங்டனில் 1870-களில் அவசர அவசரமாகப் போட்ட மரத்தெருக்கள் சில வருடங்களிலேயே அழுகிப்போய், நகர நிர்வாகத்துக்கே தலைகுனிவாயின. மறுபக்கம் ஆஸ்திரேலியாவின் கடினமான யூகலிப்டஸ் வகை மரங்கள் சிட்னி தெருக்களில் நன்றாக உழைத்தன. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாரா, காரி மரங்கள் லண்டன் தெருக்களுக்காகவே கப்பலேறின. பிட்ஸ்பர்க்கில் ரோஸ்லின் பிளேஸ் என்ற சின்னத் தெருவை 1914-இல் ஓக் கட்டைகளால் போட்டார்கள். அந்தத் தெரு நூறு வருடம் தாண்டியும் மரத்தெருவாகவே பேர் வாங்கியிருக்கிறது. மரத்தின் தரமும், தண்ணீர் வடிந்த விதமும்தான் இவற்றுக்குள் வித்தியாசம். வைரம் பாய்ந்த கட்டையாக இருந்து, கீழே தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டால் உங்கள் பாதை பல வருடம் கண்டிப்பாக உழைக்கும்.

உத்தரங்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். உளியால் குத்தினால் பொதபொதவென்று இறங்கும் இடத்தையும், வண்டு துளைத்த இடத்தையும் வெட்டித் தள்ளுங்கள். ஓரத்தில் வெளுத்த நிறத்தில் பட்டையாகத் தெரிகிற பகுதிக்கு ஆயுள் குறைவு, கரையானுக்கும் அதுதான் பிடித்த தீனி. முடிந்தவரை நடு வைரத்தை மட்டும் எடுங்கள். அறுக்கும் முன் பழைய ஆணிகளைத் தேடிப் பிடுங்குங்கள்.

பூச்சு விஷயத்தில் ஒரு கண்டிப்பு. அந்தக் காலத்தில் கட்டைகளை கிரியோசோட் என்ற நிலக்கரித் தார் எண்ணெயில் ஊறவைத்தார்கள். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் வாசலுக்கு அது வேண்டாம். ஆர்சனிக் கலந்த பழைய வகை மருந்தும் வேண்டாம். செம்பு சார்ந்த மரப் பாதுகாப்பு மருந்து போதும். கையுறை போட்டுக்கொண்டு, அகலமான தட்டில் இரண்டு விரல் உயரத்துக்கு மருந்தை ஊற்றி, கட்டையை அறுத்த முகம் கீழே இருக்கும்படி ஒரு இரவு நிறுத்துங்கள். மறுநாள் திருப்பி வையுங்கள். ஈரத்தை உறிஞ்சும் அதே முகம் மருந்தையும் உறிஞ்சும். வைரக்கட்டை கொஞ்சம்தான் குடிக்கும், அதனால் பரவாயில்லை. பதித்த பிறகு மேலே வார்னிஷ் அடிக்காதீர்கள். விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் போகும், காலும் வழுக்கும்.

வழுக்கல்தான் மரப்பாதையின் உண்மையான குறை. நிழலில் பாசி பிடித்தால் ஆபத்து. பழைய தெருக்களில் கூரான சிறு சரளையை மேலே தூவி, வண்டிகளின் கனத்தில் அது நார்முனைக்குள் பதியட்டும் என்று விடுவார்கள். நீங்களும் பருமணலைத் தூவி, கனமான உருளையால் சில முறை உருட்டலாம். மழைக்காலத்தில் கட்டைத் துடைப்பத்தால் வாரம் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

இனி மரக்கணக்கு. உத்தரம் 15-க்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்தால், இடைவெளியையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 60 கட்டைக்குச் சற்று மேல். உங்கள் 18 சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1,090. நடப்பதற்கு மட்டும் என்றால் 8 சென்டிமீட்டர் உயரம் தாராளம். அறுவைச் சேதாரம் போக சுமார் 87 மீட்டர் நீள உத்தரம் வேண்டும். கார் ஏறும் என்றால் கட்டை 12 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், அடியில் வாட்டமும் வடிதுளைகளும் வைத்த கான்கிரீட்டும் வேண்டும். மரம் 130 மீட்டரைத் தாண்டும். கையில் இருப்பது அதற்குப் போதாது என்றால் அகலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், உயரத்தில் கை வைக்க வேண்டாம்.

ஐம்பது கட்டையாவது கூடுதலாக அறுத்து, மருந்து ஏற்றி, நிழலில் எடுத்து வையுங்கள். எந்தக் கட்டையும் ஒட்டப்படாததால், கெட்டதை மட்டும் நெம்பி எடுத்து இன்னொன்றை இறக்குவது சில நிமிட வேலை. எடுத்த கட்டையை மட்டும் அடுப்பில் வைத்துவிடாதீர்கள், மருந்து ஏறிய மரத்தின் புகை உடம்புக்கு ஆகாது.