ஏழு டைவ் முடித்தவர் மூழ்கிய கப்பலுக்குள் போகலாமா?

கேள்வி: என்னிடம் ஓப்பன் வாட்டர் அட்டை (சிலிண்டரோடு கடலில் மூழ்குவதற்கான தொடக்கநிலைச் சான்று) இருக்கிறது. இதுவரை 7 டைவ். கடைசியாக இறங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஏஜென்ட் ஒருவர் மூன்று நாள் பேக்கேஜ் சொல்கிறார். முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் ஒரு மூழ்கிய கப்பல். மேல்தளம் 22 மீட்டரில், அடிமணல் 30 மீட்டரில். “கைடு கூடவே வருவார், உள்ளேயும் கொஞ்ச தூரம் கூட்டிப்போய்க் காட்டுவார்” என்கிறார். மூன்றாம் நாள் காலை பவளப்பாறையில் இரண்டு டைவ், மாலை விமானம். தண்ணீருக்குள் எனக்குத் திசை குழம்பும். நம்பிப் போகலாமா?

பதில்: கப்பலுக்குள் போகாதீர்கள். இந்தப் பயணத்தில் அந்தக் கப்பல் பக்கமே வேண்டாம். உங்கள் அட்டைக்கான பயிற்சி 18 மீட்டர் வரைக்கும்தான். கப்பலின் மேல்தளமே அதற்கு 4 மீட்டர் கீழே இருக்கிறது.

நாலு மீட்டர்தானே என்று தோன்றும். காற்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர்மட்டத்தில் இழுப்பதைவிட 10 மீட்டரில் இரண்டு மடங்கு காற்று செலவாகும், 30 மீட்டரில் நான்கு மடங்கு. 10 மீட்டரில் 40 நிமிடம் வந்த சிலிண்டர் 30 மீட்டரில் 20 நிமிடம்தான் வரும். பதற்றத்தில் மூச்சு வாங்கினால் அதுவும் வராது. போதாக்குறைக்கு அந்த ஆழத்தில் நைட்ரஜன் மயக்கம், அதாவது அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜனால் வரும் போதை மாதிரியான தடுமாற்றம், தலைகாட்டும். சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் கேஜைப் பார்ப்பீர்கள், எண் மனதில் நிற்காது.

சரி, உள்ளே அப்படி என்ன ஆபத்து? வெளியே ஏதாவது தவறினால் மேலே ஏறலாம். கப்பலுக்குள் தலைக்குமேல் இரும்பு. தரையில் பல வருட வண்டல் மாவு மாதிரி படிந்திருக்கும். காலில் மாட்டிய ஃபின் (நீந்தும் துடுப்பு) ஒரு அடி தவறினால் எழும்பி நின்றுவிடும். டார்ச் வெளிச்சம் அதில் பட்டு உங்கள் முகத்துக்கே திரும்பும். காலை அசைக்காமல் இருந்தாலும் நீங்கள் விடும் குமிழிகள் கூரையில் முட்டித் துருவை உதிர்க்கும். கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் கதவு தரையில் இருக்கும், படிக்கட்டு சுவரில் தொங்கும். வந்த வழி எது என்று தெரியாது. அதனால்தான் இதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள், வெளியே கட்டிய கயிற்றை ரீலிலிருந்து விட்டுக்கொண்டே போகிறார்கள். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, மூன்றாவது பங்கு அவசரத்துக்கு மட்டும். சிலிண்டர் அழுத்தம் 210 பாரில் தொடங்கினால் 140 வந்ததும் திரும்ப வேண்டும். “கொஞ்ச தூரம் காட்டுகிறேன்” என்கிற கைடிடம் ரீல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

விலக்கு ஒன்று உண்டு. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைக் காட்டித்தான் ஆட்களை உள்ளே இழுக்கிறார்கள். கப்பலின் மேல்தளத்திலோ பாறையிலோ இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும்படியான திறப்புகள் இருக்கும். நுழைவதற்கு முன்பே, நின்ற இடத்திலிருந்து, வெளியேறும் வாய் முழுதாகக் கண்ணில் பட வேண்டும். இரண்டு பேர் அருகருகே போகுமளவு அகலம் வேண்டும். தொங்கும் ஒயர், சிக்கிய மீன்வலை, வண்டல் எதுவும் இருக்கக்கூடாது. பாதி வழியில் திரும்ப நினைத்தாலும் இடம் இருக்க வேண்டும். உங்கள் அட்டையின் ஆழத்துக்குள்ளும் இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் போகலாம். ஒன்று குறைந்தாலும் அது வெறும் திறப்பு இல்லை, உள்நுழைதல்தான். இன்னொன்று: வெளிச்சம் தெரிவதையே வழி என்று நினைத்துவிடாதீர்கள். கப்பலின் வட்ட ஜன்னல் வழியாகச் சூரிய ஒளி தாராளமாக வரும். ஆனால் முதுகில் சிலிண்டரோடு ஒரு ஆள் அதன் வழியாக வெளியே வர முடியாது. “ஒரே ஒரு வளைவு, அப்புறம் திறந்துவிடும்” என்று கைடு சொன்னால் தலையை ஆட்டாதீர்கள். வளைவு இருக்கிறது என்றாலே வாய் கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம்.

உள்ளே போகாவிட்டால் பணம் வீண் என்றும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் 1911ஆம் ஆண்டு புயலில் மூழ்கிய யோங்காலா கப்பலுக்குள் நுழையச் சட்டப்படி தடை இருக்கிறது. அப்படியும் உலகெங்கிலுமிருந்து டைவர்கள் அதைத் தேடி வருகிறார்கள், வெளியே சுற்றிப் பார்க்க மட்டும்.

ஏஜென்ட் அடுத்து “அங்கேயே அட்வான்ஸ்டு அட்டை (ஓப்பன் வாட்டருக்கு அடுத்த நிலை) வாங்கித் தருகிறேன், 30 மீட்டர் போகலாம்” என்பார். பொய்யில்லை, முறை அதற்கு இடம் தருகிறது. அதுதான் எனக்கு எரிச்சல். ஓப்பன் வாட்டருக்குக் கடலில் 4 டைவ், அட்வான்ஸ்டுக்கு 5. மொத்தம் 9 டைவில் ஒருவர் தன்னை அனுபவசாலி என்று நம்பிவிடுகிறார். அட்டைக்குக் காலாவதியும் கிடையாது. பத்து வருடம் தண்ணீரைத் தொடாதவர் நீட்டினாலும் செல்லும். மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் “இல்லை” என்று டிக் அடித்தால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. இதை யாரும் மாற்றப்போவதாகத் தெரியவில்லை. உங்களைக் காப்பாற்ற நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

திசைக் குழப்பத்துக்கு வருவோம். பவளப்பாறையில் இது கஷ்டமே இல்லை. இறங்கியதும் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள்: கடல்விசிறிகளும் பாசியும் சாயும் திசை காட்டிக்கொடுக்கும். முதலில் ஓட்டத்துக்கு எதிராகப் போங்கள், களைத்தபின் அதுவே திரும்பக் கொண்டுவரும். பாறை உங்கள் இடத்தோள் பக்கம் இருக்கும்படி போனால், திரும்பும்போது வலத்தோள் பக்கம், முன்பைவிடக் குறைந்த ஆழத்தில். மணலுக்குமேல் போகும்போது திசைகாட்டி: 60 பாகையில் போனீர்கள் என்றால் 180 கூட்டி 240இல் திரும்ப வேண்டும். கூட வந்தவர் காணாமல் போனால் ஒரு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, நிதானமாக மேலே வாருங்கள். பின்னாளில் கப்பலை வெளியிலிருந்து பார்க்கப் போகும்போது திசைகாட்டியை நம்பாதீர்கள். அவ்வளவு இரும்புக்குப் பக்கத்தில் முள் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். இறங்கிய கயிறு முன்முனையில் இருக்கிறதா பின்முனையில் இருக்கிறதா என்று நினைவில் வைத்து, கப்பல் உடலின் ஒரு பக்கத்தை ஒட்டியே போய்வாருங்கள்.

இனி பேக்கேஜ். ஏஜென்டிடம் பேசுவதை நிறுத்திவிட்டு டைவ் சென்டரில் நேரடியாகப் பேசுங்கள். அவர் எண் தர மறுத்தால் அந்த ஏஜென்டே வேண்டாம். அன்றைக்கு நீரோட்டம் அடங்கும் நேரம் எது, ஒரு கைடுக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, நாங்கள் கீழே இருக்கும்போது படகில் யார் இருப்பார், பக்கத்தில் அழுத்த அறை (டைவில் வரும் அழுத்தக் கோளாறுக்குச் சிகிச்சை தரும் அறை) உள்ள மருத்துவமனை எது என்று கேளுங்கள். நல்ல சென்டர் தயங்காமல் பதில் சொல்லும். உங்கள் கடைசி டைவ் எப்போது என்று அவர்களே திருப்பிக் கேட்பார்கள். முன்பணம் திரும்ப வராது என்பதற்காக யாரும் இறங்கக்கூடாது. படகின் விளிம்பில் உட்கார்ந்தபிறகும் காரணமே சொல்லாமல் “இன்று வேண்டாம்” என்று சொல்ல எந்த டைவருக்கும் உரிமை உண்டு.

முதல் நாள் சும்மா இருக்க வேண்டாம். அன்றைக்குப் பயிற்றுநரோடு ஆழமற்ற நீரில் முகமூடித் தண்ணீர் வெளியேற்றுவது, மிதப்பைக் கட்டுப்படுத்துவது எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். இரண்டாம் நாள் 12 மீட்டருக்குள் அமைதியான பவளப்பாறையில் இரண்டு டைவ். மூன்றாம் நாள் இறங்கவே இறங்காதீர்கள். அடுத்தடுத்து டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. காலை டைவ், மாலை விமானம் என்று திட்டம் போட்டவருக்கு இதுகூடத் தெரியவில்லை, அல்லது தெரிந்தே போட்டிருக்கிறார். அந்த இரண்டு டைவும் வேண்டும் என்றால், முன்பதிவு செய்வதற்கு முன்பே விமானத்தை மறுநாளைக்கு மாற்றச் சொல்லுங்கள்.