கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு எப்படி அனுப்புவது?

கேள்வி: எங்கள் கலப்பினப் பசுக்களில் இரண்டு சினையின் ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டன (கருச்சிதைவு). முதல் மாட்டின் நஞ்சுக்கொடியை ஃப்ரீசரில் வைத்திருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். திசுவை நுண்ணோக்கியில் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இன்று காலை இரண்டாவது மாடும் வீசியிருக்கிறது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். சினையின் ஏழாம் மாதத்தில் வீசினால் புருசெல்லோசிஸ் எனும் கன்று வீச்சு நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் தொழுவத்துப் பக்கமே வர வேண்டாம். உள்ளே தங்கியிருக்கும் நஞ்சைக் கைவிட்டு இழுக்காதீர்கள், மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

உறைய வைத்தால் திசுவுக்குள் இருக்கும் நீர் பனிப்படிகமாகி செல்களைக் கிழித்துவிடும். அப்புறம் கண்ணாடித் தகட்டில் ஓட்டைகள்தான் தெரியும். அதனால் திசு அழுகாமல் காக்கும் திரவமான 10 சதவீத ஃபார்மலினை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நஞ்சுக்கொடியில் பொத்தான் பொத்தானாக இருக்கும் சிவந்த முடிச்சுகள் சிலவற்றையும், அவற்றுக்கு இடைப்பட்ட சவ்வையும் சேர்த்து வெட்டுங்கள். தடித்தோ நிறம் மாறியோ இருக்கும் இடத்தோடு நல்ல இடமும் கொஞ்சம் வரட்டும். துண்டு அரை சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டக் கூடாது. ஃபார்மலின் மெதுவாகத்தான் ஊறும், பெரிய துண்டாக இருந்தால் நடுப்பகுதி அழுகிவிடும். திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். பாட்டில் அகன்ற வாயுள்ளதாக இருக்கட்டும். ஊறியபின் திசு விறைத்து, குறுகிய வாய் வழியே வெளியே வராது.

கிருமி வளர்ப்புச் சோதனைக்கு வேறு துண்டுகள் வேண்டும். அவற்றை ஃபார்மலின் படாமல் சுத்தமான டப்பாவில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும் என்பதால் இரண்டையும் கலக்கவே கூடாது.

ஆய்வகத்தில் ஊறிய துண்டை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுக்கு மெலிதாகச் சீவிச் சாயமேற்றுவார்கள். செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றது இளஞ்சிவப்பாகவும் தெரியும். செல்கள் செத்திருக்கின்றனவா, சீழ் செல்கள் குவிந்திருக்கின்றனவா, ரத்தக் குழாய்ச் சுவரில் பூஞ்சை இழை ஓடுகிறதா என்று அதில் பார்ப்பார்கள். சில நாள் ஆகும், பொறுங்கள்.

மீதி நஞ்சை வழக்கம்போல வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டாதீர்கள். நாயும் காக்கையும் இழுத்துப்போய் ஊரெல்லாம் பரப்பிவிடும். வீசிய கன்றோடு சேர்த்து ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். வீசிய மாட்டைத் தனியே கட்டுங்கள். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். இந்த மாட்டின் ரத்தத்தை இன்றும், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள். வீசிய சமயத்தில் சோதனை சில மாடுகளில் நோயைக் காட்டாமல் போகும்.