கேள்வி–பதில்: சுவரில் மாட்டிய சைக்கிள்

பழைய சைக்கிள் விளம்பர ஓவியங்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்த குறிப்பையொட்டி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

பெங்களூரில் இருக்கும் என் மகன், நூறாண்டுக்கு முந்தைய பிரெஞ்சு சைக்கிள் விளம்பரம் ஒன்றின் படியைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறான். பஸ்ஸுக்குக் காசில்லாமல் சைக்கிள் மிதித்த எனக்கு அதில் என்ன அழகு என்று விளங்கவில்லை. விளம்பரத்தை ஓவியம் என்று சொல்லலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு

ஐயா, தங்கள் மனத்தாங்கல் நியாயமானதே. நம் பக்கத்தில் சைக்கிள் என்பது கேரியரில் புளி மூட்டையும் இருபுறமும் பால் கேனும் சுமந்த வண்டி. அந்தப் படங்கள் வரையப்பட்ட 1890களின் ஐரோப்பாவிலோ அது வசதி படைத்தோரின் புதுமோகம். 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் அமைந்து, பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும் ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்தபின் எல்லா நிறுவனங்களும் ஏறத்தாழ ஒரே வண்டியைத்தான் செய்தன. வண்டியில் காட்ட முடியாத வேறுபாட்டைப் படத்தில் காட்ட வேண்டியிருந்தது என்பதே அந்தச் சுவரொட்டிகள் அத்தனை பெருகியதற்கு முதற்காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு வாய்ப்பாக, பிரான்சில் 1881ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் சட்டம் சுவரொட்டி ஒட்டுவதற்கு இருந்த கெடுபிடிகளைத் தளர்த்தியிருந்தது. கல்லச்சு முறையும் கைகூடியிருந்தது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மைக்குச்சியால் ஓவியர் தம் கையாலேயே வரைவார். கல்லை நனைத்து மையுருளையை உருட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளிவிட, வரைந்த கோடு மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வேண்டும் என்பதால் நிறங்களைக் குறைத்தார்கள். குறைத்ததால் பரந்த தட்டையான வண்ணங்களும் துணிவான கோடுகளும் வந்தன. ஷூல் ஷெரே என்ற பாரிஸ் ஓவியர் இம்முறையில் மூன்று நான்கு கற்களைக் கொண்டே தெருச் சுவர்களை நிறைத்தார். ஓடுகிற ஆளின் கண்ணில் பட வேண்டும் என்ற கட்டாயம்தான் அந்தப் படங்களை இன்றைக்கும் சுவரில் எடுப்பாக நிற்கச் செய்கிறது.

விற்பதற்காக வரைந்ததால் அது ஓவியம் ஆகாது என்றால், கோயிலுக்கும் அரண்மனைக்கும் கூலி வாங்கி வரைந்தவர்களை எங்கே வைப்பது? ஆனால் தங்களின் உள்ளூர இருக்கும் ஐயம் வேறு என்று எனக்குப் படுகிறது. தாங்கள் மிதித்த மேடும் எதிர்க்காற்றும் அந்தப் படங்களில் இல்லை. பெரும்பாலானவற்றில் சைக்கிள் தானாகவே பறக்கிறது. ஓட்டுபவரின் நெற்றியில் ஒரு துளி வியர்வை கிடையாது. அந்த இலேசுதான் அவற்றின் கவர்ச்சி, அந்த இலேசுதான் அவற்றின் பொய்யும்.

இந்தப் பொய்க்கு விலக்கான ஒரு படத்தைத் தங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். 1896இல் பிரெஞ்சு ஓவியர் துலூஸ்-லோத்ரெக், சிம்ப்சன் என்ற ஆங்கிலேயரின் செயினுக்காக ஒரு சுவரொட்டி வரைந்தார். முக்கோணக் கண்ணிகள் கோத்த அந்தச் செயின், நெம்புகோல் போலக் கூடுதல் விசை தரும் என்று சொல்லி விற்கப்பட்டது. இயந்திரவியல்படி அப்படி எந்த ஆதாயமும் அதில் இல்லை. லோத்ரெக் முதலில் ஜிம்மி மைக்கேல் என்ற பந்தய வீரரை வரைந்து கொடுத்தார். செயினும் பெடலும் சரியாக வரையப்படவில்லை என்று நிறுவனத்தார் அதை ஏற்கவில்லை. உடனே அவர் வேறொரு படம் வரைந்தார். அதில் கோன்ஸ்தான் உய்ரே என்ற வீரர் முதுகை வளைத்து, தலையைத் தாழ்த்தி, தொடை முழுவதும் இறுகி மிதிக்கிறார். அவருக்கு வேகம் ஏற்றிக் கொடுப்பதற்காகப் பலர் சேர்ந்து மிதிக்கும் நீண்ட சைக்கிள் ஒன்று படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டு, கால்களின் வரிசையாகத் தெரிகிறது. பின்னணியில் கோட்டு அணிந்த முதலாளிகள் மைதானத்தில் நிற்கிறார்கள். மிதிப்பவர் ஒருவர், நின்று பார்த்துப் பணம் பண்ணுபவர் வேறொருவர் என்பதை ஒரு விளம்பரத்துக்குள்ளேயே அவர் வரைந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தச் செயின் சில ஆண்டுகளில் வழக்கொழிந்துபோயிற்று, படம் நிற்கிறது. தங்கள் மகன் மாட்டியிருப்பது எதுவென்று தெரியவில்லை. அடுத்த முறை இந்தப் படத்தை வாங்கித் தரச் சொல்லுங்கள். அதில் தங்கள் கால் வலி இருக்கும்.

பழைய சைக்கிள் சுவரொட்டிகளில் பெண்களே அதிகம் தென்படுகிறார்கள். இது வெறும் அலங்காரமா, பெண் விடுதலையா?
— ஓவியம் பயிலும் கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

இரண்டும் உண்டு, படத்துக்குப் படம் பிரித்துப் பார்க்க வேண்டும். அல்ஃபோன்ஸ் மூக்கா 1902இல் ‘பெர்ஃபெக்டா’ சைக்கிளுக்கு வரைந்த படத்தில் ஒரு பெண் ஹேண்டில்பார்மேல் சாய்ந்திருக்கிறாள். கூந்தல் சுருள் சுருளாகப் படம் முழுவதும் பரவுகிறது. சைக்கிளில் தெரிவதோ ஒரு சிறு பகுதிதான். 1898இல் ‘வேவர்லி’ என்ற அமெரிக்க சைக்கிளுக்கு அவர் வரைந்ததிலும் வண்டி ஏறக்குறைய மறைந்தே போகிறது. கோட்டின் அழகில் இவற்றுக்கு ஈடு சொல்வது கடினம். ஆயினும் அந்தப் பெண் எங்கும் போகப்போவதில்லை. அவளைக் காட்டி நம்மை வாங்கச் செய்கிறார்கள், அவ்வளவே. ருமேனியாவில் பிறந்த ‘பால்’ (Pal) என்ற ஓவியரோ பெண்ணைத் தேவதையாக்கி வானத்திலேயே ஏற்றிவிட்டார்.

மறுபுறம், பெண்களே வாங்குபவர்களாகவும் இருந்தார்கள். இறுக்கிய இடைக்கச்சும் தரை தொடும் பாவாடையும் சைக்கிளுக்கு ஒத்துவராததால், முழங்காலுக்குக் கீழே கட்டிய தளர்ந்த காற்சட்டையோடு பெண்கள் தெருவில் வந்தார்கள். அதைக் கேலி செய்தவர்களும் குறைவில்லை. அந்த உடையோடு, இருக்கையில் அமர்ந்து, பார்வையாளரைப் பாராமல் பாதையைப் பார்க்கும் பெண்ணை வரைந்த சுவரொட்டிகளும் இருக்கின்றன. ஒரு படத்தை மதிப்பிடும்போது அவளுடைய கால் பெடலில் இருக்கிறதா, கண் எங்கே பார்க்கிறது என்ற இரண்டை மட்டும் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அரசு கொடுத்த சைக்கிளில், துப்பட்டாவின் இரு முனையையும் பின்னால் முடிந்துகொண்டு, முன்கூடையில் புத்தகப் பையோடு பர்கூர் சாலையில் போகும் மாணவியை நீங்கள் நாள்தோறும் பார்த்திருப்பீர்கள். மூக்காவின் சுருள் கூந்தலைப் பார்த்து எழுதிப் பழகுவதைவிட, அந்தத் துப்பட்டா முடிச்சை நான்கு நிறத்துக்குள் வரைந்து பாருங்கள்.

நம் ஊரில் இத்தகைய சைக்கிள் ஓவிய மரபு இருந்ததா?
— வாசகர், பென்னாகரம்

இருந்தது, ஆனால் வேறு உருவில். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கூட்டோடு தொடங்கப்பட்ட பிறகு ஹெர்குலிஸ் நம் வீடுகளுக்கு வந்தது. பின்னர் வடக்கிலிருந்து அட்லஸும் ஹீரோவும் வந்தன. கடைவாசலில் எனாமல் தகடு, கடைக்குள் நாட்காட்டி, சுவரில் கையால் எழுதிய விளம்பரம் என்று மூன்று வகையில் நமக்குப் படங்கள் கிடைத்தன.

இதில் வியப்பான ஒரு வேறுபாடு உண்டு. பாரிஸில் ஒரே மாதிரியான சைக்கிள்களை வேறுபடுத்திக் காட்டுவதற்குப் படம் தேவைப்பட்டது. நம்மிடமோ வெவ்வேறு வியாபாரிகள் ஒரே படத்தைக் கொடுத்தார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி ஊர் ஊராகப் போயின. சைக்கிள் கடைக்காரரும் ஜவுளிக் கடைக்காரரும் அதே முருகனைக் கொடுத்தார்கள். கீழே கடையின் பெயர் மட்டும் மாறும். ஆகையால் நம் சைக்கிள் ஓவியத்தைக் காகிதத்தில் தேடுவதைவிட வண்டியின் மேலேயே தேடுவது நல்லது. மட்கார்டின் கறுப்பில் ஓடும் மெல்லிய பொன்னிறக் கோடு, செயின் கவரில் உடையவர் பெயரை நிழலோடு எழுதிய எழுத்து, ஹேண்டிலுக்குக் கீழே பதித்த பித்தளை முத்திரை ஆகியவை எல்லாம் கைவேலைகள்தாம். வாடகை சைக்கிள் கடைகளில் வண்டி எண்ணை எழுதிய ஓவியர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க யாராவது முன்வர வேண்டும்.

லோத்ரெக்கின் அசல் சைக்கிள் சுவரொட்டி என்று சொல்லி இணையத்தில் ஒன்றை மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். அசலாக இருக்குமா?
— வாசகர், ஓசூர்

அந்த விலைக்கு இருக்காது. ஐயம் தீர வேண்டுமானால் ஒரு நல்ல பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. கல்லச்சில் மைக்குச்சி கல்லில் உரசிய சொரசொரப்பும், ஒழுங்கில்லாத துகள்களும், முழு நிறமாகப் பரந்த பகுதிகளும் தெரியும். அளவையும் பாருங்கள்: சிம்ப்சன் செயின் படத்தின் அசல் ஏறத்தாழ 83 செ.மீ. உயரமும் 120 செ.மீ. அகலமும் உடையது. படியாக இருந்தாலும் படம் நல்ல படம்தான். அசல் என்று சொல்லி யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

பெரிய ஓவியர்கள் யாராவது சைக்கிளை வரைந்திருக்கிறார்களா?
— வாசகர், அரூர்

மெட்ஸிங்கர் 1912இல் வரைந்த பந்தய வீரரின் தலை கண்ணாடி போல் ஊடுருவித் தெரிய, அதன் வழியே பின்னாலுள்ள கூட்டம் தெரிகிறது. பொச்சியோனி 1913இல் வரைந்ததில் ஆளும் வண்டியும் கரைந்து வேகம் மட்டுமே மிஞ்சுகிறது. அதே ஆண்டில் துஷாம்ப் ஒரு சைக்கிள் சக்கரத்தை ஸ்டூலின் மேல் பொருத்தி வைத்தார். 1942இல் பிக்காசோ சீட்டையும் ஹேண்டில்பாரையும் இணைத்துக் காளைத் தலை செய்தார். இந்நான்கில் பிக்காசோவுடையதே எனக்குப் பிடித்தது. பழைய இரும்புக் கடையைக் கடந்து போகும் போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

தாத்தாவின் கடையில் சைக்கிள் விளம்பரம் பொறித்த எனாமல் தகடு ஒன்று கிடைத்தது. ஓரங்களில் துரு. எப்படித் துலக்குவது?
— வாசகர், காவேரிப்பட்டணம்

முதலில், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். எனாமல் என்பது இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டவைத்தது. அமிலம் அதன் பளபளப்பை அரிக்கும். கம்பித் தேய்ப்பான் கீறும். மென்மையான சோப்பு நீரில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்து, உடனே நன்றாக உலர்த்துங்கள். எனாமல் தெறித்துப்போன இடங்களில்தான் துரு பிடிக்கிறது. அங்கே நிறமற்ற மெழுகை மெல்லியதாகப் பூசினால் ஈரம் உள்ளே போகாது. துரு தெரிகிறதே என்று பெயின்ட் அடித்து ‘புதுப்பித்து’விடாதீர்கள், சேகரிப்பாளர்கள் துருவை மன்னிப்பார்கள், பெயின்டை மன்னிக்க மாட்டார்கள். மாட்டும்போது பழைய துளைகளையே பயன்படுத்தி, திருகாணிக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு ரப்பர் வாஷர் வையுங்கள். திருகை அளவுக்கு மீறி முடுக்கினால் துளையைச் சுற்றியுள்ள எனாமல் தெறித்துவிடும்.