கால் இரத்தக்குழாய் அடைப்பும் சிலோஸ்டசால் மாத்திரையும்

கேள்வி: இரத்தக்குழாய்ச் சுருக்கத்தால் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கிறது. மருத்துவர் எழுதித்தந்த சிலோஸ்டசாலை ஒரு வாரம் சாப்பிட்டும் வலி குறையவில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். இதன் பலன் தெரிய 2 முதல் 4 வாரங்களும், சிலருக்கு 12 வாரங்கள் வரையும் ஆகும். கொழுப்பு மிகுந்த உணவு இம்மருந்து இரத்தத்தில் சேரும் அளவை வெகுவாக உயர்த்திவிடும் என்பதால், காலையிலும் மாலையிலும் உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, உண்டு 2 மணி நேரம் கழித்தோ சாப்பிடுங்கள். தலைவலி, படபடப்பு கூடினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு இரத்தத்தை இறைக்க முடியாத நிலை) உள்ளவர்கள், அது லேசானதாகவே இருந்தாலும், இதை உட்கொள்ளவே கூடாது. ஆகவே அதன் அறிகுறிகளான மூச்சுவாங்குதலோ கால் வீக்கமோ இருந்து அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இன்றே தெரிவியுங்கள். ஒமிப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து), எரித்ரோமைசின் (நுண்ணுயிர்க்கொல்லி), ஆஸ்பிரின் ஆகியவற்றை எடுத்துக்கொண்டால் அதையும் மறைக்காதீர்கள்.