டைப்பிங் டெஸ்டில் வேகம் 48, அதை வைத்து வேலை கிடைக்குமா?

அம்மா, பிளஸ் டூ முடித்த மகள் எந்நேரமும் ஆன்லைன் டைப்பிங் டெஸ்டே கதி என்று கிடக்கிறாள், இது எதற்காவது ஆகுமா என்று கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் ஆகும். பயிற்சி செய்யும் முறையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் வேகம் நிமிடத்துக்கு 48 சொல், துல்லியம் 87 சதவீதம். எனக்குக் கவலை அந்த 87தான். நூறு எழுத்துக்குப் பதிமூன்று தப்பு என்றால், திருத்துவதிலேயே நேரம் போய்விடும். இடைவெளியும் சேர்த்து ஐந்து எழுத்தை ஒரு சொல்லாகக் கணக்கிடுவது வழக்கம். பிளஸ் டூ முடித்தவர்களுக்கான மத்திய அரசுப் பணித் தேர்வான எஸ்எஸ்சி சிஎச்எஸ்எல்லில் ஆங்கிலத்துக்குக் கேட்கும் நிமிடத்துக்கு 35 சொல், மணிக்கு 10,500 முறை கீயை அழுத்துவதற்குச் சமம். அங்கே கொடுத்த பத்தியைப் பார்த்துப் பத்து நிமிடம் அடிக்க வேண்டும். மகள் அடிப்பதோ ஒரு நிமிடம், அதுவும் கமா, எண், பெரிய எழுத்து எதுவுமில்லாத சின்னச் சொற்கள்.

மங்கிடைப் என்ற டைப்பிங் பயிற்சித் தளத்தில் நிறுத்தற்குறி, எண் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு, நேரத்தையும் கூட்டலாம். துல்லியம் 97-ஐத் தொடும் வரை வேகத்தைப் பார்க்கவே வேண்டாம். எஃப், ஜே கீகளில் சின்ன மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்களை அங்கே வைத்து, கீபோர்டைக் குனிந்து பார்க்காமல் 'ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்' பாடத்திலிருந்து தொடங்கட்டும். வேகம் முதலில் 25-க்கு இறங்கும். அவள் அழுதாலும் விட்டுவிடாதீர்கள், பழைய பழக்கம் கலையும்போது அப்படித்தான் ஆகும். மார்கழிக் குளிரில் விடிகாலையில் விரல் விறைத்திருக்கும். வெயில் ஏறிய பிறகு டெஸ்ட் எடுப்பது நல்லது. கம்ப்யூட்டர் இல்லையென்றால், ஓடிஜி கேபிள் போட்டுச் சாதாரண கீபோர்டை ஃபோனில் மாட்டிக்கொள்ளலாம். ஃபோன் திரையில் கட்டைவிரலால் அடிப்பது பயிற்சியே ஆகாது.

முக்கியமான விஷயம், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தட்டச்சர் பணிக்கு ஆன்லைன் ஸ்கோர் செல்லாது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தட்டச்சுத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம் இரண்டில் ஒன்றில் சீனியர் நிலை, மற்றதில் குறைந்தது ஜூனியர் நிலை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழை வரவழைக்கும் ஃபோன் பழக்கம் அதற்கு உதவாது, தட்டச்சு விசைப்பலகையைத் தனியாகப் பழக வேண்டும். அதனால் பஸ்ஸில் போய்வர வசதியான ஒரு இன்ஸ்டிடியூட்டில் இப்போதே சேர்த்துவிடுங்கள். வீட்டில் ஆன்லைன் டெஸ்ட் தொடரட்டும். எந்த எழுத்தில் அடிக்கடி தவறுகிறாள் என்று நோட்டில் குறித்து, அடுத்த முறை ஐந்து நிமிட டெஸ்டின் ஸ்கிரீன்ஷாட்டோடு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.